கேளுங்கள், சொல்கிறேன்: குழாய் நீரைப் பழுப்பாக்கும் வித்தை

சென்ற மாதம் நுண்பிளாஸ்டிக் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளுக்கு அந்தப் பெயர். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சனும் குழுவினரும் 2004இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்தச் சொல் எல்லோர் வாயிலும் புகுந்தது. ‘நுண்ணெகிழி’ என்று எழுதக்கூடாதா என்று ஒரு தமிழாசிரியர் கண்டித்திருக்கிறார். எழுதலாம் ஐயா. ஆனால் நம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் “நெகிழிப் பை வேண்டாம்” என்று சொன்னால் மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மருத்துவர் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் குடுவை கழுவி, கரைசல் கலக்கி, மாணவர்களிடம் கத்தி ஓய்வு பெற்றவள்.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒரு தம்ளரில் எங்கள் குழாய் நீரையும் இன்னொன்றில் தம்முடைய வடிகட்டி நீரையும் பிடித்து, ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் நுழைத்தார். ஒரே நிமிடத்தில் குழாய் நீர் சேறுபோல் பழுப்பாகிவிட்டது. “அத்தனையும் நுண்பிளாஸ்டிக்கும் கன உலோகமும்” என்றார். வடிகட்டி நீர் தெளிவாகவே இருந்தது. விலை 2,400 வெள்ளி, தவணையிலும் கட்டலாமாம். மாமியார் பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். வாங்கலாமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

முதலில் மாமியாருக்கு ஒரு தம்ளர் குழாய் நீர் கொடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

நீங்கள் பார்த்த வித்தையை முதலாண்டு மாணவர்களுக்கு நானே வருடாவருடம் செய்து காட்டியிருக்கிறேன், 2,400 வெள்ளி கேட்காமல். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கும். மின்சாரம் பாயும்போது ஒரு கம்பியிலிருந்து இரும்பு கரைந்து, நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துருவாகிறது. நீங்கள் கண்ட பழுப்பு அந்தத் துருதான். தண்ணீரில் முன்பே இருந்த அழுக்கு அன்று. அவர் கம்பியில் கொண்டுவந்த இரும்பு.

அப்படியானால் அவருடைய நீர் ஏன் நிறம் மாறவில்லை? அவருடையது ஆர்.ஓ. வடிகட்டியாக இருக்கும்; நீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியாகச் செலுத்துவது. அது நீரிலுள்ள உப்புகளை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடுகிறது. உப்பு இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. பாயாவிட்டால் இரும்பு கரையாது, துருவும் வராது. அவ்வளவுதான். அடுத்த முறை அவர் வந்தால் அந்தத் தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, “இப்போது கம்பியை விடுங்கள்” என்று சொல்லுங்கள். குழாய் நீரைவிட மோசமாகப் பழுப்பாகும். (அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.) என் மாணவன் ஒருவன் இதே வித்தையை இதே உப்போடு தன் அத்தை வீட்டில் செய்துகாட்டி, விற்பனையாளர் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போன கதையைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழாய் நீரில் நுண்பிளாஸ்டிக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. உலகில் தேடிய இடமெல்லாம் அது கிடைத்திருக்கிறது. ஆனால் பயந்து புட்டித் தண்ணீருக்கு மாறினீர்கள் என்றால் கதை தலைகீழாகும். 2024இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் கடையில் விற்கும் புட்டித் தண்ணீரை லேசர் கொண்டு ஆராய்ந்தபோது லிட்டருக்குச் சராசரி 2,40,000 துகள்கள் இருந்தன. பத்தில் ஒன்பது நானோ அளவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவற்றில் புட்டியின் பிளாஸ்டிக் மட்டுமல்ல, நைலான் வகைப் பிளாஸ்டிக்கும் கணிசமாக இருந்தது. புட்டியில் அடைக்குமுன் தண்ணீரைச் சுத்தம் செய்த வடிகட்டிகளிலிருந்தே அது வந்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். ஆர்.ஓ. சவ்வும் பெரும்பாலும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். விற்பனையாளரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் நீர் குழாயிலிருந்து அப்படியே குடிக்கத் தக்கது. அந்த 2,400 வெள்ளியில் மாமியாரை ஊருக்கு அழைத்துப் போய்வாருங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நுண்பிளாஸ்டிக் போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பாதி உண்மை. 2024இல் சீனாவின் குவாங்சோவில் செய்த ஆய்வு அது. ஐந்து நிமிடம் கொதிக்கும்போது கடின நீரிலுள்ள சுண்ணாம்பு படிவாக இறங்குகிறது; இறங்கும்போது பிளாஸ்டிக் துகள்களையும் தன்னோடு சிறைபிடித்துக்கொள்கிறது. ஆறவைத்துப் படிவை வடிகட்டிவிட்டால், மிகக் கடினமான நீரில் 90 விழுக்காடு வரை குறைந்தது. மென்னீரில் 25 விழுக்காடுதான்.

உங்கள் நீர் எந்த வகை என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம், கெட்டிலின் அடியைப் பாருங்கள். மதுரையில் என் தங்கை வீட்டுக் கெட்டிலில் மாதத்துக்குள் ஓடுபோல் வெள்ளை கட்டும். தோ பாயோவில் என் கெட்டிலில் ஆறு மாதமானாலும் விரலால் துடைத்தால் போகிற மங்கல்தான். அதனால் இங்கே கொதிக்கவைத்துப் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். உட்புறம் பிளாஸ்டிக்காக உள்ள கெட்டிலில் கொதிக்க வைத்தால் லாபத்தைவிட நட்டம் அதிகமாகலாம்.

மகளுக்குப் பேறுகாலம் முடிந்து நான்தான் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன். பால் புட்டியில் கோடிக்கணக்கில் பிளாஸ்டிக் துகள் என்று மருமகன் ஏதோ படித்துவிட்டு, புட்டியை வெந்நீரில் போடவே கூடாது என்கிறார். நான் மூன்று பிள்ளைகளைப் புட்டியைக் கொதிக்கவைத்தே வளர்த்தவள். யார் சொல்வது சரி?
— பாட்டி, பொங்கோல்

இருவரும்தான் அம்மா, ஆனால் கிருமி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். புட்டியைக் கிருமிநீக்கம் செய்வதை நிறுத்தவே கூடாது. வயிற்றுப்போக்கு இன்றைய ஆபத்து.

மருமகன் படித்தது டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாக இருக்கும், 2020இல் வெளிவந்தது. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த புட்டியில் வழக்கப்படி பால் கலந்தால் லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துகள் வரை வந்தது. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு கணக்கு: நீர் 25 டிகிரியில் இருந்தபோது லிட்டருக்கு 6 லட்சம், 95 டிகிரியில் ஐந்தரைக் கோடி. புட்டி அதேதான், மாறியது சூடு ஒன்றே. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தப் பகுதியின் மற்றக் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதிவிடலாம்.

அவர்களே வழியும் சொல்லியிருக்கிறார்கள். புட்டியை வழக்கம்போல் கிருமிநீக்கம் செய்யுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து ஆறிய நீரால் அதை மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். பால் மாவைப் புட்டிக்குள் கலக்காமல், கண்ணாடிக் குவளையிலோ எவர்சில்வர் டம்ளரிலோ கலக்குங்கள். மாவு கலக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். மாவில் இருக்கக்கூடிய கிருமிக்காக உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள். புட்டிக்குள் ஊற்றிய பின் வேகமாகக் குலுக்க வேண்டாம், மைக்ரோவேவில் மறுபடி சுடவைக்கவும் வேண்டாம்.

கண்ணாடிப் புட்டி வாங்கலாமா என்றால், வாங்கலாம். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கீழே போடமாட்டீர்கள் என்றால். என் கை அந்த நேரத்தில் நம்பத்தக்கதல்ல.

வாரம் ஒரு கடன் அட்டை அளவு பிளாஸ்டிக்கை விழுங்குகிறோமாமே?
— வாசகர், தெம்பனிஸ்

இல்லை. 2019இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கேட்டு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்று போட்ட கணக்கு, வாரத்துக்கு 0.1 கிராமிலிருந்து 5 கிராம் வரை என்றது. செய்தியாளர்கள் ஒரு கடன் அட்டையின் எடையான அந்த ஐந்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 2021இல் நூர் ஹசிமா முகம்மது நோரும் அவருடைய நெதர்லாந்து சகாக்களும் மறுபடி கணக்கிட்டபோது வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 583 நானோகிராம் என்று வந்தது (நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). அந்த வேகத்தில் ஒரு கடன் அட்டையை உண்டு முடிக்க ஏறக்குறைய 23,000 ஆண்டுகள் வேண்டும். அவர்கள் எண்ணியது ஒரு மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும்தான், மீன், உப்பு, தண்ணீர், காற்று போன்ற சிலவற்றில் மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே நூர் ஹசிமா 2014இல் நம் சதுப்புநிலக் காடுகளின் சேற்றை ஆராய்ந்தவர். பார்த்த ஏழு இடங்களிலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியிலிருந்து எடுத்த கொழுப்புப் படிவுகளில் பிளாஸ்டிக் இருந்த நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து நான்கரை மடங்கு இருந்ததாக எழுதினார்கள். பிளாஸ்டிக்தான் காரணம் என்று அதில் நிரூபணம் இல்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். ஆனால் படித்த அன்று நான் காய் நறுக்கும் பலகையைத் திருப்பிப் பார்த்தேன்.

காப்பிக்கடையில் ரசமும் சாம்பாரும் பிளாஸ்டிக் பையில்தான் கட்டித் தருகிறார்கள். ‘தே தாரிக்’ என்னும் பால் தேநீரும் பையில்தான், கயிறு கட்டி. வீட்டில் கறி வாங்கிய டப்பாக்களைக் கழுவி அடுக்கி, அதிலேயே மைக்ரோவேவ் செய்கிறோம். டப்பாவில் ‘மைக்ரோவேவ் செய்யலாம்’ என்றுதான் போட்டிருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?
— இளைஞர், ஈசூன்

தம்பி, கவலைப்படும் நேரத்தில் ஒரு தூக்குச்சட்டி வாங்கிவிடலாம்.

ரசப் பையை நீங்கள் கவனித்ததுண்டா? கொதிக்கும் ரசத்தைக் கரண்டியால் மொண்டு ஊற்றும்போது பை முதலில் சுருங்குவது போல் நெளியும், பிறகு துவண்டு வயிறு தள்ளும். கடைக்காரர் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் வளையத்தைப் போட்டு, பூரித்த தலையணை போல் நம் கையில் தருவார். மின்தூக்கியில் அது தொடையில் பட்டால் சுடும். அந்தப் பை வீடு வரும்வரை, அரை மணி நேரம், கொதிநீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. பால் புட்டிக்குச் சொன்ன கணக்கு இங்கும் அதேதான், புளியும் எண்ணெயும் கூடுதல்.

‘மைக்ரோவேவ் செய்யலாம்’ என்ற சொல்லுக்கு, டப்பா உருகாது, கோணாது, ரசாயனங்கள் வரம்பைத் தாண்டி உணவில் இறங்காது என்று பொருள். துகள் உதிராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 2023இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு டப்பாக்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்தபோது, ஒரு சதுர சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கிலிருந்து 42 லட்சம் நுண்துகளும் 200 கோடிக்கு மேல் நானோ துகளும் வரை வெளிவந்தன. உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்திலிருந்து.

அந்தக் கறி டப்பாவில் மஞ்சள் ஏறி, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதே, அது எண்ணெயோடு மஞ்சளின் நிறம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்ததால். உள்ளே போகிறது என்பதாலேயே வெளியே துகள் வருகிறது என்று சொல்லிவிட முடியாது, ஆய்வுக்கூடத்தில் அப்படி எழுதியவனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. ஆனால் சொரசொரப்பாகி வெளுத்த டப்பாவைச் சூட்டோடு சேர்க்காதீர்கள். அதற்காகத் தூக்கியெறியவும் வேண்டாம். என் வீட்டில் அவை எல்லாம் பணிமாற்றம் பெற்றுவிட்டன: ஒன்றில் பூண்டு, ஒன்றில் பொத்தான், ஒன்றில் என் வீட்டுக்காரரின் திருகாணிகள். சுடவைக்க ஒரு பீங்கான் தட்டு, அதை மூட இன்னொரு தட்டு.

2019இல் நானும் ஒருமுறை ஆவேசப்பட்டேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆறு ‘மூங்கில்’ கோப்பைகள் வாங்கினேன், பிளாஸ்டிக்கை ஒழிக்கிறேன் என்று. சூடாகத் தேநீர் ஊற்றினால் ஒரு வாடை. புரட்டிப் பார்த்து, ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது: மெலமின் என்னும் பிளாஸ்டிக் பிசினில் மூங்கில் தூளைக் கலந்து வார்த்தது. முப்பத்தோரு ஆண்டு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள்! இப்போது அவற்றில் கற்பூரவல்லி வளர்கிறது.

இட்லிக்கும் இதே பேச்சுத்தான். துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்து ஆவியில் அவிக்கும் பழக்கம் ஊர்ப்பக்கம் வந்துவிட்டது. கர்நாடகத்தில் 2025இல் உணவகங்களில் அதைத் தடைசெய்தார்கள். நீங்கள் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் போடுங்கள். இட்லி ஒட்டாமல் வர, தட்டை இறக்கியவுடன் துணியின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். பளபளக்கும் நைலான் தேயிலைப் பைகளையும் விட்டுவிடுங்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2019இல் அப்படி ஒரு பையிலிருந்து 1,100 கோடிக்கு மேல் துகள்களை எண்ணியது. தூள் தேநீருக்கு என்ன குறை?

தூக்குச்சட்டியோடு கடைக்குப் போனால் முதல் வாரம் கூச்சமாக இருக்கும். மூன்றாம் வாரம் கடைக்காரர் பையைவிடத் தாராளமாக ஊற்றுவார். பை என்றால் அவருக்கு அளவு தெரியும், சட்டி என்றால் தெரியாது.

துணி துவைக்கும்போதும் நுண்பிளாஸ்டிக் வருகிறதாமே? எங்கள் வீட்டில் பாதி பாலியஸ்டர்.
— வாசகி, அங் மோ கியோ

வருகிறது. 2016இல் பிளிமத் ஆய்வாளர்கள் ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்ததில் ஏழு லட்சத்துக்கும் மேல் இழைகள் வரலாம் என்று கணக்கிட்டார்கள். பாலியஸ்டர் அதற்கு அடுத்தது. வெந்நீர் வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள், இயந்திரத்தை நிறைத்துப் போடுங்கள். ‘மென்மையான துவையல்’ என்ற பொத்தான் ஏமாற்று: அதில் தண்ணீர் அதிகம், தண்ணீர் அதிகமானால் இழை அதிகம் உதிர்கிறது. பஞ்சு வடிகட்டியில் சேரும் சாம்பல் உருண்டையைத் தொட்டியில் அலசாமல், எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

அதைவிட முக்கியமாக, ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மூங்கில் கழியில் துணியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் எத்தனை வருடம் பழையவை? போன வாரம் என் கையில் ஒரு நீலக் கிளிப் பிஸ்கட்போல் நொறுங்கியது. விரலில் ஒட்டிய நீலத் தூளைக் கழுவக் கழுவக் கோடு கோடாக இருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டுப் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் அறுந்துபோகின்றன. முதலில் நிறம் வெளுக்கும், பிறகு மேலே சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகும், பிறகு தொட்டால் தூள். தாழ்வாரத்தில் செடித் தொட்டியைக் கட்டியிருக்கும் ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறும் இப்படித்தான் நூல்நூலாகப் பிரிந்து காற்றில் போகிறது. துவைத்து எடுத்த சுத்தமான சட்டையில் அதைப் பூசிக்கொண்டு உள்ளே கொண்டுவருகிறோம். எவர்சில்வர் கிளிப் வாங்குங்கள், கயிற்றுக்குச் சணல். தரையை உலர்துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

‘மாயப் பஞ்சு’ என்று விற்கும் வெள்ளை மெலமின் பஞ்சு தேயத்தேய எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? பாத்திரத்துக்குப் பீர்க்கங்காய் நார் போதும்.

பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகையை மாற்றி மரப்பலகை வாங்கினேன். ஒரே மாதத்தில் பூசணம் பிடித்துவிட்டது.
— வாசகர், பிடோக்

நம் ஊர் ஈரக்காற்று அப்படி. கழுவியவுடன் துடைத்து, சுவரில் சாய்க்காமல், இரு பக்கமும் காற்றுப்படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஜன்னலோர வெயில். மரமும் உதிர்கிறது என்பதை மறைக்கமாட்டேன்: 2023இல் அமெரிக்காவில் பலகைகளை ஒப்பிட்டபோது மரத்திலிருந்து வந்த துகள்கள் பிளாஸ்டிக் துகள்களைவிட எண்ணிக்கையில் அதிகம். ஆனால் அது மரம். பிளாஸ்டிக் பலகை பழையதே போதும் என்றால், கத்தித் தடங்கள் ஆழமாகி விரல் நகம் சிக்கும்போது மாற்றிவிடுங்கள். அதில் நறுக்காமல் கொத்துகிறவர் யாராவது வீட்டில் இருந்தால், என் வீட்டுக்காரர் போல, அவரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

தீபாவளிக்கு மகள் வாசலில் மினுக்குத் தூள் போட்டு ரங்கோலி போட ஆசைப்படுகிறாள். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை.
— தாய், செம்பவாங்

மினுக்குத் தூள் என்பது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக வெட்டியது. மற்ற பிளாஸ்டிக் நாளடைவில் நுண்பிளாஸ்டிக் ஆகும். இது கடையிலேயே அப்படித்தான் விற்கிறது. உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் மினுக்குத் தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பொங்கல் வரை உங்கள் மெத்தையில் மின்னும். அரிசி மாவில் மஞ்சள், குங்குமம் கலந்து போடச் சொல்லுங்கள், நடுவில் செவ்வந்தி இதழ். எறும்பு வரும், பக்கத்து வீட்டார் நகர மன்றத்துக்கு எழுதுவார். அவருக்கு ஒரு தட்டு முறுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், எவர்சில்வர் தட்டில். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஏதாவது வைத்துத்தான் தருவார்.